நட்பு முறிகின்ற இடம்

(கல்விக் கழக வெள்ளி விழாவையொட்டி ஐயங்கார்குளத்தில் நடைபெற்ற இலக்கிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய இளையோர் புதினங்களில் நம்பிக்கையும் முறிந்த நட்பும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழைப் பார்த்தவர்கள், இந்தத் தலைப்பைச் செயலாளர் ஐயா கொடுத்திருப்பார் என்று எண்ணியிருப்பீர்கள். அப்படியன்று. இதை எனக்குக் கொடுத்தவன் நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயில்கின்ற பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவனும் கண்ணை உயர்த்திப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் அம்மாணவனின் உயிர்த்தோழன் சபரிமலைக்கு மாலை அணிந்துகொண்டான். அதற்கு முன்பெல்லாம் பள்ளி விட்டதும் இவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இவன் தாய் தருகின்ற கூழையும் கருவாட்டுக் குழம்பையும் இருவரும் ஒரே தட்டில் உண்பது வழக்கம். மாலை அணிந்த பின் அத்தோழன், "விரதம், உங்கள் வீட்டில் சாப்பிடக்கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டாள்" என்றான். இவன் அதைத் தவறாக எண்ணவில்லை. விரதம் என்றால் கட்டுப்பாடு இருக்கத்தானே செய்யும் என்று, நாற்பத்தொரு நாளையும் நாட்காட்டியில் கிழித்துக்கொண்டே காத்திருந்தான். மலைக்குப் போய் வந்தாயிற்று. மாலையையும் கழற்றியாயிற்று. பொங்கலும் போயிற்று. தோழன் மட்டும் திண்ணைக்கு வரவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கும் வேளையில் இவன் என்னிடம் வந்து கேட்டான்: "மாலையைக் கழற்றிய பிறகும் அவன் ஏன் ஐயா வரவில்லை?"

நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் தமிழாசிரியனாக இருந்தவன் நான். எனக்கு விடை வரவில்லை. நான் விழித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவனே இரங்கியவன்போல வேறொன்று கேட்டான்: "அப்படிப் போன தோழன் திரும்பி வருகிற கதை ஏதேனும் இருந்தால் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன்." அந்தக் கதையைத் தேடிய கணக்கைத்தான் இன்று உங்கள் முன் ஒப்புவிக்கப் போகிறேன்.

நம் மொழியில் ஒரு வசதி உண்டு. அதுவே ஒரு துன்பமாகவும் இருக்கிறது. இறைவனிடம் வைப்பதற்கும் தோழனிடம் வைப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான்: நம்பிக்கை. குழந்தை முதலில் கற்பது தோழனிடத்து வைக்கும் நம்பிக்கையையே. கோவிலும் வழிபாடும் அதற்குப் பின்னர் வருபவை. ஆதலின் தோழன் கைவிடும்போது உள்ளே உடைவது எது என்று பிரித்துச் சொல்ல அவனால் இயல்வதில்லை. சாமியின் பெயரால் தோழன் விலகினான் என்றால், அவனுக்குச் சாமியும் விலகியதாகவே தோன்றுகிறது.

இந்த ஊருக்கு வந்து இதைப் பேசும்போது எனக்கு ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராசப் பெருமாள் எழுந்தருளுகின்ற நடவாவிக் கிணறு இவ்வூரில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். படிகளின் வழியே நடந்து இறங்கும் கிணறு அது. அந்தப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர் பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பிகள். அவர் அந்தணர் அல்லர். இளைஞராயிருந்த இராமானுசர் அவரைத் தம் ஆசானாகவே மதித்தார். அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று விரும்பி வீட்டிற்கு விருந்தழைத்தார். நம்பிகள் வந்தபோது இராமானுசர் வீட்டில் இல்லை. அம்மையார் உணவு படைத்தார். நம்பிகளும் உண்டு சென்றுவிட்டார். இராமானுசர் திரும்பி வந்து பார்க்கும்போது, நம்பிகள் உண்ட இலை கோலால் தள்ளி எறியப்பட்டிருந்தது, இடம் மெழுகப்பட்டிருந்தது, அம்மையார் தலைமுழுகி, வேறு உலை வைத்திருந்தார். குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி இது.

இதில் அம்மையாரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். வைதிகத்தின் பழி முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு உரையை முடித்துக்கொள்கிறார்கள். நான் கேட்பது வேறு. அன்று உண்டுவிட்டுத் தெருவில் நடந்து போன நம்பிகளுக்குப் பின்னால் அந்த இலை எறியப்பட்டது தெரியுமா? தெரிந்தபோது அவர் என்ன நினைத்தார்? நூல்கள் இராமானுசரின் வருத்தத்தைச் சொல்கின்றன. நம்பிகளின் மனத்தைச் சொல்லவில்லை. என் மாணவனும் நம்பிகளின் இடத்தில்தான் நிற்கிறான்.

சைவத்திலும் இதே காஞ்சிக்கு ஒரு தொடர்பு உண்டு. சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்பர். இறைவனே அவருக்காகத் திருவாரூரில் பரவையார் வீட்டுக்குத் தூது நடந்தான். ஒற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சூளுறவை மீறியதால் அத்தோழமையில் விரிசல் விழுந்து அவர் கண்ணிழந்தார். பின்னர் ஒரு கண்ணைக் காஞ்சி ஏகம்பத்திலும் மற்றொன்றை ஆரூரிலும் பெற்றார் என்கிறது பெரியபுராணம். சூள் பொய்த்தும் அவருக்கு நட்பு மீண்டது. அதே நூலில் எவ்வாக்கையும் மீறாத நந்தனாருக்குத் தில்லையில் காத்திருந்தது தீ. தோழமையில் பிணங்கவும் இணங்கவும் ஒருவருக்கு இடம் இருந்தது; மற்றவருக்குத் தூது செல்ல எவரும் புறப்படவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாலாற்றின் தென்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் காலனியில் பிறந்தவன் நான். ஊர்த்தெருவிலிருந்து ஒரு பையன் எனக்குத் தோழன். ஏரிக்கரை மீது சேர்ந்தே பள்ளிக்கு நடப்போம். திரௌபதையம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். இப்பகுதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கர்ண மோட்சம் ஆடும் இரவில் கண்ணீர் விடாத வீடு கிடையாது. அந்த இரவில் கயிறு கட்டிய எல்லைக்கு இப்பால் நாங்கள் அமர்ந்திருப்போம், அப்பால் அவர்கள். பதின்மூன்றாம் வயதில் அவன் இருட்டில் கயிற்றைத் தாண்டி வந்து என் பக்கத்தில் அமர்ந்தான். "நான் துரியோதனன், நீ கர்ணன்" என்று என் தோளில் கை போட்டான். விடியும்வரை கூத்தைப் பார்த்தோம். கூத்து முடிந்து வெளிச்சம் வந்தபோது அவன் தகப்பனார் எங்கள் முன் வந்து நின்றார். "யாரடா இவன்?" என்று கேட்டார். அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "எனக்கு இவனைத் தெரியாது" என்றான்.

அதற்குப் பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் அஞ்சினான் என்பது அன்றே எனக்குத் தெரியும். அவனை நான் வெறுத்ததுமில்லை. ஆயினும் கர்ண மோட்சம் ஆடுகின்ற இடத்தில் இன்றும் என்னால் கடைசிவரை அமர முடிவதில்லை.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன். முதலில் பழைய சிறுவர் இதழ்களின் கதைகளை நினைத்துப் பார்த்தேன். அவற்றில் பிரிந்த நண்பர்கள் தவறாமல் சேருவார்கள். செல்வன் வீட்டுப் பையன் ஏழைப் பையனை இகழ்வான். பிறகு ஆற்றில் விழுவான். ஏழைப் பையன் குதித்துக் காப்பாற்றுவான். இகழ்ந்தவன் மனம் திருந்துவான். எனக்கு அக்கதைகளின்மேல் ஒரு வழக்கு உண்டு. நட்பைத் திரும்பப் பெறுவதற்கு ஏழைப் பையன் உயிரைக் கொடுக்கத் துணிய வேண்டும். முறித்தவனோ ஒரு பத்தி அளவுக்கு வருந்தினால் போதும். மேலும் அந்த ஏழைப் பையனுக்குச் சாதி இராது. அவனுடைய ஏழ்மை எங்கிருந்து வந்தது என்று எந்தக் கதையும் சொன்னதில்லை. இவற்றை என் மாணவனிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இளையோர் புதினம் என்று தனியே ஒரு வகையைப் பெயரிட்டு வளர்க்கும் வழக்கம் தமிழில் அண்மையில்தான் வேர்விட்டு வருகிறது. ஆனால் இளமைப் பருவத்தையே பொருளாகக் கொண்ட பெரும் புதினங்கள் நம்மிடம் உண்டு. அவற்றில் சிறந்தவை பலவும் நம் மக்களின் வாழ்விலிருந்து எழுந்தவை. 1982இல் வெளிவந்த பூமணியின் 'வெக்கை'யின் நாயகன் பதினைந்து வயதுச் சிறுவன். சிவகாமியின் 'பழையன கழிதலும்' படிக்க வந்த ஒரு பெண்ணின் கண் வழியே நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆணவத்தைக் காட்டுகிறது; அது 1989இல் வந்தது. பூமணியின் 'அஞ்ஞாடி'யோ ஆண்டி, மாரி என்னும் இரு சிறுவர்களின் தோழமையில்தான் தொடங்குகிறது. உழுகுடியில் ஒருவன், வண்ணார் குடியில் மற்றொருவன். அடித்தட்டுக்குள்ளேயே சாதிகள் உண்டு என்பதை மறைக்காமல், அதனைக் கடந்து நிற்கும் நேசத்தை அவர் எழுதினார். அந்நூலுக்கு 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூல். பத்தாம் வகுப்பு மாணவன் கையில் கொடுத்தால் தேர்வுக்கு யார் படிப்பது?

ஆகவே பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை எடுத்தேன். 2000ஆம் ஆண்டில் வந்த புதினம். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பால் வெளிநாட்டாரும் அறிந்தது. கொங்கு நாட்டில் ஒரு கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கின்ற அருந்ததியர் சிறுவன் கூளையன். அவன் உழைப்பை ஆண்டுக் கூலிக்குத் தகப்பன் எழுதி வைத்துவிட்டான். பண்ணையக்காரரின் மகன் செல்வன். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஒருவன் பள்ளிக்குப் போகிறான். மற்றவன் பட்டியைத் திறந்துவிடுகிறான். இரவில் காட்டில் பட்டிக்குக் காவலாய்ப் படுக்கும்போது இருவருக்கும் நடுவே வானம் தவிர வேறொன்றும் இல்லை. அப்போது அவர்கள் தோழர்கள். விடிந்தால் ஒருவன் எசமானன், மற்றவன் ஆள். பெருமாள்முருகன் தலித் சமூகத்தில் பிறந்தவரல்லர் என்று சுட்டிக்காட்டி, அவர் எழுதியதை நாம் ஏற்பதா என வினவுவோர் உண்டு. நான் ஏற்கிறேன். ஏனெனில் அந்த இரவு நட்பைப் பொய் என்று அவர் எழுதவில்லை. அது மெய்யாகவே நட்புத்தான். மெய்யாக இருந்ததனால்தான் அதன் முறிவு அவ்வளவு கொடியது. தொடக்கத்திலிருந்தே செல்வன் தீயவனாக இருந்திருந்தால் கூளையனுக்கு இழக்க என்ன இருக்கிறது?

அப்புதினம் ஒரு கிணற்றில் முடிகிறது. நடவாவியில் பெருமாள் இறங்கும் படிகளைக் கண்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஒரு கிணற்றுக்குள் இரு சிறுவர்கள் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லக்கூடாது. படித்தே அறிய வேண்டும். தோழன் திரும்பி வரும் கதை அது அன்று என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்த தன்வரலாற்றுப் புதினம். பனைமட்டையின் இருபுறமும் இருக்கும் அறுக்கும் பற்களே கருக்கு. அதில் யாவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து வரும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சணலைப் பிடித்துத் தூக்கிவந்து முதலாளியிடம் நீட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டில் அண்ணன் அதன் பொருளைச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுபோகிறது. இக்காட்சியைப் பலரும் பேசுவர். நான் பேச விரும்புவது அந்நூலின் பிற்பகுதியை. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்னும் பேரவாவோடு கன்னியர் மடம் சேர்ந்த பெண், உள்ளே வசதி படைத்தோர்க்கே பள்ளி நடப்பதையும், தன் மக்களைப் பற்றி உடனிருப்போர் ஏளனமாகப் பேசுவதையும் கண்டு, ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறுகிறாள். அவள் விட்டு வந்தது மடத்தை மட்டும் அன்று. சகோதரி என்று தன்னை அழைத்தவர்களையும் விட்டு வந்தாள். ஆனால் வேதாகமத்தில் ஏழைகளின் பக்கம் நிற்கும் இயேசுவை அவள் விடவில்லை. மடத்தை விட்டு வந்தவளின் கையில் அந்த நம்பிக்கை இருந்தது, வேலை இல்லை, கூட்டாளிகள் இல்லை.

'கருக்கு' படிக்கும்போதெல்லாம் எனக்கு வேதாகமத்தின் பேதுரு நினைவுக்கு வருகிறார். சேவல் கூவுமுன் மும்முறை, எனக்கு அவனைத் தெரியாது என்றவர் அவர். என் ஊர்க் கூத்து முடிந்த விடியலில் நான் கேட்ட அதே வாக்கியம். பேதுருவுக்குப் பின்னர் மன்னிப்புக் கிடைத்தது. பெரிய பதவியும் கிடைத்தது. அவர் மறுத்தபின் அழுதார் என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் போலும். என் தோழன் அழுதானா என்று நான் பார்க்கவில்லை. நான் அதற்குள் கரையேறி நடந்துவிட்டேன்.

பாமாவின் அண்ணன், மறைந்த அறிஞர் ராஜ் கௌதமன் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. இத்தலைப்பில் அதைவிட நகைச்சுவையோடும் கசப்போடும் எழுதப்பட்ட தமிழ் நூலை நான் கண்டேன் இல்லை. கத்தோலிக்கச் சேரியில் பிறந்து, பாதிரிமார் பள்ளிகளிலும் விடுதிகளிலும் வளரும் சிலுவை, தன்னைத் தானே கேலி செய்துகொண்டு வளர்கிறான். படித்து முடித்த பின் வேலை இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்களே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர்; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஊரார் கண்ணுக்கு அவன் பறையன். சான்றிதழில் மட்டும் அல்லன். ஆகவே அவன் ஒரு தாளுக்காக மதம் மாறுகிறான். அதுவரை அவனோடு முழந்தாளிட்ட நம்பிக்கை, ஓர் அலுவலக முத்திரையின் முன் என்னவாகிறது என்பதை ராஜ் கௌதமன் ஓலமிடாமல் எழுதிக் காட்டினார். நட்பை முறிப்பதற்குப் பாட்டிமாரும் தகப்பன்மாருமே வேண்டும் என்பதில்லை. அரசாணையும் அதைச் செய்யும். ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே வினாத்தாளை எழுதிய இரு தலித் மாணவர்கள், ஒருவன் கோவிலுக்கும் ஒருவன் தேவாலயத்துக்கும் போவதால், வேறு வேறு வரிசையில் நிற்பதை நம் கழகத்திலேயே பார்த்திருக்கிறோம். அவர்களுக்கிடையே வருகின்ற கசப்பை நாம் இன்னும் வெளிப்படையாகப் பேசியதில்லை.

திரைப்படமாயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பிள்ளைகள் புத்தகத்தை விட அதை நன்கு அறிவார்கள். மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது. சட்டக் கல்லூரியில் தன்னோடு படிக்கும் ஜோதி மகாலட்சுமியின் வீட்டார் தனக்கு இழைத்த இழிவைப் பரியன் அவளிடம் கடைசிவரை சொல்வதில்லை. அவளுடைய நட்பு கெடாமல் இருப்பதற்கான விலையை அவன் ஒருவனே வாயை மூடிக்கொண்டு கட்டுகிறான். அவளோ ஒன்றும் அறியாமல் அவன்மேல் நம்பிக்கையோடு இருக்கிறாள். அந்த நட்பு முறியவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் காப்பாற்றியது யார்?

இங்குதான் என் தேடலில் ஒன்று பிடிபட்டது. நம் கதைகள் அனைத்திலும் நட்புக்காக இழப்பவன் கீழே நிற்பவனே. மேலே நிற்பவன் எதையும் இழக்கத் துணிவதில்லை. பாட்டியின் கோபத்தைக்கூட அவன் இழக்க மாட்டான். அப்படியானால் மேலே நிற்பவன் இழக்கத் துணிந்த கதை உலகில் எங்காவது உண்டா?

உண்டு. 1884இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் வெளியிட்ட 'ஹக்கிள்பெரி ஃபின்' என்னும் புதினம். ஹக் என்னும் வெள்ளைச் சிறுவனும், அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடும் ஜிம் என்னும் கறுப்பின மனிதனும் மிசிசிப்பி ஆற்றில் ஒரு தெப்பத்தில் செல்கிறார்கள். தப்பிய அடிமைக்கு உதவுவது திருட்டு. திருடுபவன் நரகத்துக்குப் போவான். இதுவே அவனுக்குக் கற்பித்துக் கொடுக்கப்பட்ட சமயம். ஒரு கட்டத்தில் அவன் அஞ்சி, ஜிம்மைக் காட்டிக் கொடுக்கும் கடிதத்தை எழுதிவிடுகிறான். எழுதியதும் உள்ளம் தூய்மையானது போலவும் இருக்கிறது. பிறகு தெப்பத்தில் ஜிம் தனக்காகக் கண்விழித்துக் காவலிருந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. நரகத்துக்கே போகலாம் என்று தீர்மானித்துக் கடிதத்தைக் கிழித்தெறிகிறான். தான் செய்வது நன்மை என்று அவனுக்குத் தெரியாது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பாவம் என்று நம்பியே அதைச் செய்கிறான். அந்நூலின் இறுதிப் பகுதியில் ஜிம்மை வைத்துச் சிறுவர்கள் ஆடும் விளையாட்டு எனக்கு அருவருப்பையே தருகிறது; கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லும் அதில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆயினும் கடிதம் கிழிபடும் அந்தப் பக்கத்தை நான் விடமாட்டேன்.

இதைப் படித்தபோது காஞ்சியும் திருக்கோட்டியூரும் நினைவுக்கு வந்தன. ஆசான் மறைவாகத் தந்த மந்திரத்தை வெளியிட்டால் நரகம் என்று எச்சரிக்கப்பட்டும், எல்லோரும் உய்வதாயின் தான் நரகம் புகலாம் என்று கோபுரம் ஏறிச் சொன்னவராக இராமானுசரைப் பற்றிய மரபு கூறுகிறது. கோலால் தள்ளப்பட்ட இலையைக் கண்டு வருந்திய அதே இளைஞர்தாம் அவர். கூத்தில் பார்த்தாலும் அப்படியே. ஊரார் கெட்டவன் என்று தூற்றும் துரியோதனன்தான் தேரோட்டி மகனுக்கு அவையில் முடி சூட்டினான். நல்லவர்கள் குலம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆகவே என் மாணவனுடைய தோழன் திரும்பி வர வேண்டுமானால், பாட்டி காட்டுகின்ற நரகத்துக்கு அவன் அஞ்சாதிருக்க வேண்டும். அந்த அச்சத்தை என் மாணவன் போக்க முடியாது. அவன் இன்னும் தூய்மையாக உடுத்தினாலும், இன்னும் நன்றாகப் படித்தாலும், இன்னும் பொறுமையாக இருந்தாலும் போகாது. இந்த ஒன்றை அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே நான் இவ்வளவு நூல்களையும் புரட்டினேன். ஏனெனில் அவன் ஒவ்வொரு நாளும் தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தான்.

பள்ளிகளில் நடப்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் உடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக் குறிகள் ஆகியவற்றைத் தடுக்க வேண்டும் என்றும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. நெற்றிக் குறி சமய நம்பிக்கை அன்றோ என்று சிலர் எதிர்த்தனர். என் தாய் நெற்றி நிறைய நீறு பூசியவள். நீற்றின்மேல் எனக்குப் பகையில்லை. ஆயினும் நான்கு நிறக் கயிறுகள் ஒரே வகுப்பறைக்குள் நான்கு பெஞ்சுகளாகப் பிரிவதை ஆசிரியனாக இருந்து கண்டவன், அதைச் சமயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். விஷ்ணுபுரம் சரவணன் சிறுவர்க்காக எழுதிய 'கயிறு' என்னும் சிறு நூல் இப்பொருளையே எடுத்துக்கொண்டது. நம் படிப்பகத்துக்கு அதில் இரு படிகள் வாங்கியுள்ளோம். கயிற்றை ஓர் ஆணையால் அறுத்துவிடலாம். மாலையைக் கழற்றிய பின்னும் வராதவனை எந்த ஆணையால் திண்ணைக்கு அழைப்பது என்றுதான் தெரியவில்லை. இத்தனைக்கும், மாலை அணிந்தோர் ஒருவரையொருவர் சாதி பாராது 'சாமி' என்றே அழைக்கும் வழிபாடு அது.

ஹக்கின் கதையை அம்மாணவனுக்கு நான் தமிழில் வாய்மொழியாகவே சொன்னேன். ஐந்து மாலைகள் ஆயின. கடிதம் கிழிபட்ட இடத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. விடை கண்டுவிட்டேன் என்று எண்ணினேன். முடிந்ததும் அவன் கேட்டான்: "ஹக் என்ன நினைத்தான் என்று தெரிகிறது ஐயா. ஜிம் என்ன நினைத்தான்?"

திருக்கச்சி நம்பிகளைப் பற்றி நான் கேட்ட அதே கேள்வியை அவன் கேட்டுவிட்டான். அமெரிக்காவில் பெர்சிவல் எவரெட் என்னும் கறுப்பின எழுத்தாளர் இக்கேள்விக்கு விடையாகவே, அக்கதையை ஜிம்மின் வாயால் திருப்பிச் சொல்லும் 'ஜேம்ஸ்' என்னும் புதினத்தை 2024இல் எழுதினார்; 2025இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. டுவைனின் நூல் வந்து 140 ஆண்டுகள் கழித்து அந்தப் பதில் வந்திருக்கிறது. இதை நான் சொன்னபோது என் மாணவன், "அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுமா?" என்றான்.

மறுவாரம் அவன் செயலாளர் ஐயாவிடம் சென்று, கணக்குப் பாடத்துக்கு என்று பொய் சொல்லி, கழகக் கையிருப்பிலிருந்து நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கியிருக்கிறான். பொருளாளர் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் விலையை நான் கொடுத்துவிடுகிறேன். மாலை வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து அதில் ஏதோ எழுதுகிறான். நான் அருகில் போனால் மூடிக்கொள்கிறான். நானும் கேட்கவில்லை. சென்ற வாரம் இருபத்தாறாம் பக்கத்துக்கு வந்துவிட்டதாக உடன் அமர்ந்திருக்கும் பெண் சொன்னாள்.

நான் குறிப்பிட்ட நூல்களில் 'கூளமாதாரி', 'கருக்கு', 'சிலுவைராஜ் சரித்திரம்', 'வெக்கை', 'பழையன கழிதலும்' ஆகியவற்றை இன்று படிப்பகப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். 'கருக்கு' மட்டும் இரண்டு படிகள். ஒன்று பெண்பிள்ளைகளின் முறைக்கென்று தனியே வைக்குமாறு வேண்டுகிறேன், முன்பு வாங்கியது பையன்களின் கையிலேயே சுற்றிக்கொண்டிருப்பதாக முறையீடு வந்திருக்கிறது.